ஜெரால்ட் வைலி யார்?
(நடிகர், எழுத்தாளர் ரோனி பார்க்கர் பற்றிய ஓர் அறிமுகம்)

ஆங்கிலேய நகைச்சுவை என்றதும் நம் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மிஸ்டர் பீன்தான். நம் பெற்றோரைக் கேட்டால் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்பார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே, பிரிட்டனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வீட்டுக்கு வீடு அறியப்பட்டிருந்த ஒரு கலைஞர் இருக்கிறார். அவர் பெயர் ரோனி பார்க்கர். நம்மில் பலர் அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதற்குக் காரணம் உண்டு. மிஸ்டர் பீனின் சிரிப்பு உடலில் இருக்கிறது. எந்த மொழிக்காரரும் சிரிக்கலாம். பார்க்கரின் சிரிப்பு சொல்லில் இருக்கிறது. சொல்லைப் பிடிக்கத் தெரிந்தால்தான் சிரிக்க முடியும்.

ஒரு மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் அவரைப் பற்றி எழுத எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால், மற்றொரு காரணமும் இருக்கிறது. அவர் தம் எழுத்துகளைத் தம் பெயரில் அனுப்ப மறுத்தவர். ஏன் மறுத்தார், அதனால் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், கலை இரவுக்கு நாடகம் எழுதும் நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

வங்கியிலிருந்து மேடைக்கு

ரோனி பார்க்கர் 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இங்கிலாந்தின் பெட்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஓர் எண்ணெய் நிறுவனத்தில் எழுத்தர். குடும்பம் ஆக்ஸ்ஃபர்டுக்குக் குடிபெயர்ந்தது. பார்க்கர் அங்கேதான் படித்து வளர்ந்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் கட்டடக்கலை பயிலத் தொடங்கிச் சில மாதங்களிலேயே விட்டுவிட்டார். அடுத்து வங்கியில் எழுத்தர் வேலை. பகலில் கணக்கு, மாலையில் பொழுதுபோக்கு நாடகக் குழு. நம் முன்னாள் மாணவர்களில் எத்தனையோ பேருடைய வாழ்க்கை இன்றும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது!

1948-இல் அவர் வங்கி வேலையை உதறிவிட்டு, எய்ல்ஸ்பரி என்ற சிற்றூரில் இயங்கிய நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இத்தகைய குழுக்கள் வாரத்திற்கு ஒரு புதிய நாடகம் போடும். இந்த வாரம் ஒரு நாடகத்தை மேடையேற்றிக்கொண்டே அடுத்த வார நாடகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். கிழவர், போலீஸ்காரர், சமையல்காரர், பிரபு என்று எந்த வேடம் வந்தாலும் தயாராக இருக்க வேண்டும். பார்க்கர் பின்னாளில் எந்தக் குரலையும் எந்த வட்டார வழக்கையும் நொடியில் பேசிக் காட்டியதற்கு அடித்தளம் இந்தப் பயிற்சிதான்.

இடையில் வேலையில்லாத காலமும் வந்தது. அப்போது ஆக்ஸ்ஃபர்டில் ஒரு மருத்துவமனையில் சிப்பந்தியாக வேலை பார்த்தார். அங்கே இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட நோயாளிகளின் நிலை அவரை மிகவும் வருத்தியது. உடன் வேலை செய்த ஒருவருடன் சேர்ந்து, வேடிக்கை பேசி அந்த நோயாளிகளைச் சிரிக்க வைத்தார். சம்பளம் வாங்காமல் செய்த அந்த நகைச்சுவையையும் அவர் வாழ்க்கைக் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

1951-இல் ஆக்ஸ்ஃபர்ட் பிளேஹவுஸ் அரங்கில் சேர்ந்தார். அங்கே இயக்குநராக வளர்ந்துகொண்டிருந்த பீட்டர் ஹால், 1955-இல் அவரை லண்டன் மேடைக்கு அழைத்துச் சென்றார். 1959-இல் தொடங்கிய 'தி நேவி லார்க்' என்ற பிபிசி வானொலித் தொடர் அவருடைய குரலை நாடெங்கும் கொண்டு சேர்த்தது. முகம் தெரியாமல் குரலை மட்டும் வைத்துப் பல பாத்திரங்களாக மாறும் கலையை அவர் அங்கே தீட்டிக்கொண்டார்.

மூவர் நின்ற காட்சி

1966-இல் டேவிட் ஃபிரோஸ்ட் நடத்திய 'தி ஃபிரோஸ்ட் ரிப்போர்ட்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்க்கருக்கு இடம் கிடைத்தது. ஜான் கிளீஸ், ரோனி கார்பெட் ஆகியோர் உடன் நடித்தவர்கள். அதில் ஒரு புகழ்பெற்ற காட்சி உண்டு. மூவரும் வரிசையாக நிற்பார்கள். மிக உயரமான கிளீஸ் மேல்தட்டு. நடுத்தர உயரமுள்ள பார்க்கர் நடுத்தட்டு. ஐந்தடி உயரமே உள்ள கார்பெட் அடித்தட்டு. நடுவில் நிற்பவர் ஒருவரை அண்ணாந்து பார்ப்பார், மற்றவரைக் குனிந்து பார்ப்பார். சில நிமிடங்களில் ஆங்கிலேய வர்க்க அமைப்பு முழுவதும் நம் கண்முன் வந்துவிடும். அதை எழுதியவர்கள் மார்ட்டி ஃபெல்ட்மனும் ஜான் லாவும். மூன்று மனிதர்களின் உயரத்தை வைத்தே ஒரு சமுதாயத்தைக் கேலி செய்ய முடியும் என்றால், நல்ல குறுநாடகத்திற்குப் பெரிய அரங்கமைப்பு தேவையில்லை என்பது புரிகிறது அல்லவா?

முகமற்ற எழுத்தாளர்

1968-இல் ஃபிரோஸ்ட் வேறொரு தொலைக்காட்சி நிலையத்தில் வார இறுதி நிகழ்ச்சி நடத்தினார். பார்க்கரும் கார்பெட்டும் அதில் நடித்தார்கள். அப்போதுதான் ஜெரால்ட் வைலி என்ற ஒருவரிடமிருந்து குறுநாடகங்கள் வரத் தொடங்கின. அவற்றைக் கொண்டுவந்தவர் பார்க்கரின் முகவர். 'இவர் புதியவர், எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளைப் பார்க்க முடியாது' என்ற அளவில்தான் செய்தி. குழு படித்தது, ஏற்றது, நடித்தது. பார்வையாளர்கள் சிரித்தார்கள்.

வைலியின் எழுத்து வாராவாரம் மெருகேறியது. அவர் யார் என்ற ஆவலும் வளர்ந்தது. நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பார்ட் என்றார்கள் சிலர். ஃபிராங்க் மியூர் என்றார்கள் வேறு சிலர். ஆலன் பென்னட் பெயரும் அடிபட்டது. பார்க்கரும் அந்தப் பேச்சில் ஒன்றும் தெரியாதவர்போல் கலந்துகொண்டார். சந்தேகம் வராமலிருக்க, வைலியின் எழுத்துகளில் சிலவற்றை 'இது சரியில்லை' என்று அவரே தள்ளியதும் உண்டு.

மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மௌனமாக உட்கார்ந்திருக்கும் நோயாளிகளிடையே, ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பது வைலியின் குறுநாடகங்களில் ஒன்று. கார்பெட்டுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அதைத் தம் மேடை நிகழ்ச்சிக்கு விலை கொடுத்து வாங்க விரும்பினார். வைலி தரப்பிலிருந்து 3,000 பவுண்டு என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. கார்பெட் பார்க்கரிடமே வந்து முறையிட்டார். பார்க்கர், 'ஆமாம், ரொம்ப அதிகம்தான்' என்று அவருக்கு ஆதரவாகப் பேசினார். பிறகு வைலி மனம் மாறி, 'நன்றாக நடித்ததற்கு என் அன்பளிப்பு' என்று இலவசமாகவே உரிமையைக் கொடுத்துவிட்டார்!

இறுதியில் வைலி குழுவினர் அனைவரையும் படப்பிடிப்பு நிலையத்திற்கு எதிரே இருந்த சீன உணவகத்திற்கு விருந்துக்கு அழைத்தார். எல்லாரும் வந்து அமர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. பார்க்கர் எழுந்து, தாம்தான் வைலி என்றார். முதலில் ஒருவரும் நம்பவில்லை.

இதை வெறும் குறும்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்கர் அந்த நிகழ்ச்சியின் முக்கிய நடிகர். அவர் பெயர் போட்டுக் கொடுத்திருந்தால், நன்றாக இல்லாவிட்டாலும் மரியாதைக்காக ஏற்றிருப்பார்கள். அல்லது, 'நடிகருக்கு ஏன் இந்த எழுத்து வேலை?' என்று முகம் சுளித்திருப்பார்கள். இரண்டு வகையிலும் எழுத்தைப் பற்றிய உண்மையான தீர்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. அந்தத் தீர்ப்பு வேண்டும் என்பதற்காகவே அவர் பெயரை மறைத்தார். உண்மை வெளிவந்த பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1972-இல் ஒரு தொடரை ஜோனதன் கோபால்ட் என்ற பெயரிலும், 1988-இல் 'கிளாரன்ஸ்' என்ற தொடரை பாப் ஃபெரிஸ் என்ற பெயரிலும் எழுதினார்.

இரண்டு ரோனிகளும் ஒரு சிலேடையும்

1971 ஏப்ரலில் பிபிசியில் 'தி டூ ரோனீஸ்' தொடங்கியது. 1987 வரை நீடித்தது. புகழின் உச்சியில் இருந்தபோது 15 மில்லியனைத் தாண்டிய பார்வையாளர்கள் அதைப் பார்த்தார்கள். இருவரும் செய்தி வாசிப்பாளர்களாக அமர்ந்து பொய்ச் செய்திகள் வாசித்துத் தொடங்குவார்கள். அப்படியே வாசித்து முடித்து விடைபெறுவார்கள். இடையில் குறுநாடகங்கள், பாடல்கள், தொடர்கதை, கார்பெட் நாற்காலியில் அமர்ந்து சுற்றி வளைத்துச் சொல்லும் ஒரு கதை. பார்க்கர் மட்டும் அப்படித் தாமாக அமர்ந்து பேசமாட்டார். பாத்திரம் இல்லாமல் பார்வையாளர்முன் நிற்பது அவருக்குச் சங்கடம். ஏதாவது ஒரு சங்கத்தின் தலைவராகவோ அமைச்சராகவோ வேடமிட்டுத்தான் தோன்றுவார். அவற்றில் ஒன்றில், சொற்களைச் சரியாக உச்சரிக்க முடியாதவர்களுக்கான சங்கத்தின் தலைவராக வந்து, ஒவ்வொரு சொல்லையும் தாறுமாறாக உச்சரித்தபடியே மிகக் கௌரவமாக நன்கொடை கேட்பார்.

அவருடைய சொல் விளையாட்டின் உச்சம், 1976 செப்டம்பரில் ஒளிபரப்பான 'ஃபோர் கேண்டில்ஸ்'. எழுதியவர் வேறு யார், ஜெரால்ட் வைலிதான். காட்சி ஒரு பழைய இரும்புச் சாமான் கடை. கார்பெட் கடைக்காரர், பார்க்கர் வாடிக்கையாளர். அவர் 'ஃபோர் கேண்டில்ஸ்' என்று கேட்பதாகக் கடைக்காரர் காதில் விழுகிறது. நான்கு மெழுகுவத்திகளை எடுத்து வைக்கிறார். வந்தவர் கேட்டதோ 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்', அதாவது மண்ணைக் கிளறும் முட்கருவிக்கான கைப்பிடிகள். எளிய மக்கள் பேசும் ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் 'ஹ' ஒலி மறைந்துவிடும். 'ஹேண்டில்ஸ்' என்பது 'ஆண்டில்ஸ்' ஆகிறது. 'ஃபோர்க்' என்பதன் கடைசி 'க்' அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. எங்கே பிரிப்பது என்பதில்தான் பொருள் மாறுகிறது.

இதற்கு நம் அணி இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இருபொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை. காளமேகப் புலவரைப் படித்த நமக்கு 'ஃபோர் கேண்டில்ஸ்' புதிதல்ல. தரமான பிரிமொழிச் சிலேடைதான். ஆனால், ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் புலவர் இரு பொருளையும் தெரிந்தே பாடுகிறார். கேட்பவர் அவருடைய புலமையை வியக்கிறார். பார்க்கரின் நாடகத்தில் இருவருமே சிலேடை செய்யவில்லை. ஒருவருக்குச் சாமான் வேண்டும். மற்றவருக்கு வியாபாரம் நடக்க வேண்டும். மொழிதான் இருவரையும் ஏமாற்றுகிறது.

அடுத்து ரம்பத்தின் பல் நுனி கேட்டால், புண்பட்ட விரல் நுனிக்கு மருந்து என்று புரிந்துகொள்கிறார் கடைக்காரர். வாசல் கதவில் மாட்டும் 'ஓ' எழுத்தைக் கேட்டால், முதலில் மண்வெட்டி வருகிறது, அப்புறம் தண்ணீர்க் குழாய் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் போக வேண்டும், வர வேண்டும். கடைசியில் பொறுமை இழந்து வாடிக்கையாளரின் பட்டியலையே பிடுங்கிப் படிக்கிறார். சொல் தடுக்கும்போதெல்லாம் கடைக்காரர் களைப்பதும் எரிச்சல் கூடுவதும்தான் நாடகத்தின் கட்டமைப்பு. சிலேடைகளை வெறுமனே அடுக்கியிருந்தால் அது துணுக்குத் தோரணமாகப் போயிருக்கும். ஒரு மனிதரின் பொறுமைக்குச் சோதனை வைத்ததால் அது நாடகமாயிற்று. பார்க்கர் கைப்பட எழுதிய அந்தப் பிரதி, அவர் மறைந்த பிறகு 2007-இல் 48,500 பவுண்டுக்கு ஏலம் போனது.

சிறையும் மளிகைக் கடையும்

பார்க்கர் தம் எழுத்தை மட்டும் நம்பியவர் அல்லர். பிறர் எழுதிய நல்ல எழுத்துக்குத் தம்மை முழுமையாகக் கொடுத்தவர். 1973-இல் 'செவன் ஆஃப் ஒன்' என்ற வரிசையில் ஏழு தனித்தனிக் கதைகளில் நடித்தார். அவற்றில் இரண்டு பெருந்தொடர்களாக வளர்ந்தன.

ஒன்று, டிக் கிளமென்ட், இயன் லா ஃபிரனே எழுதிய 'பாரிட்ஜ்' (1974-1977). பாரிட்ஜ் என்றால் கஞ்சி. ஆங்கிலேயப் பேச்சுவழக்கில் சிறைவாசம். நம் ஊர்களில் 'களி தின்னப் போனான்' என்று சொல்வோமே, அதேதான்! இதில் பார்க்கர், சிறைக்குப் போய் வருவதே வாழ்க்கையாகிவிட்ட ஃபிளெட்சர். அவர் அறையில் முதல்முறை சிறைக்கு வந்த இளைஞன் காட்பர். பெரியவர் இளையவருக்குச் சொல்லித்தருவது ஒன்றே: அதிகாரத்தை நேரே மோதாதே, ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன வெற்றியாவது பெற்றுவிடு. சிறையில் புழங்கும் கெட்ட வார்த்தைகளைக் குடும்பத்தோடு பார்க்கும் நேரத்தில் ஒலிபரப்ப முடியாது. அதற்காக எழுத்தாளர்கள் தாங்களே சில வசைச் சொற்களைப் புனைந்தார்கள், அரிதாக வழங்கியவற்றைத் தூக்கி நிறுத்தினார்கள். 'நாஃப்' போன்ற சொற்கள் அந்தத் தொடரால் நாடெங்கும் பரவின. தடையே புதுச்சொல்லுக்கு வழியாயிற்று.

மற்றது, ராய் கிளார்க் எழுதிய 'ஓப்பன் ஆல் ஹவர்ஸ்' (1976, 1981-1985). கஞ்சத்தனம் மிக்க மளிகைக் கடைக்காரர் ஆர்க்ரைட் வேடம் பார்க்கருக்கு. அவருடைய சகோதரி மகனாக டேவிட் ஜேசன். ஆர்க்ரைட்டுக்குப் பேச்சுத் திக்கும். இதைப் பார்க்கருக்குக் கற்றுக்கொடுத்தவர் பழைய நாடகக் காலத்து நண்பர் கிளென் மெல்வின்.

அவர் படைப்புகள் அனைத்தையும் இன்று அப்படியே ஏற்க முடியாது. திக்குவாயை வைத்துச் சிரிப்பு மூட்டுவது இன்று பலரை நெருடும். 'டூ ரோனீஸ்' நிகழ்ச்சியில் தோலுக்குச் சாயம் பூசி வேற்றினத்தாராக நடித்த காட்சிகளும், பெண்களை வெறும் கவர்ச்சிக்காக நிறுத்திய காட்சிகளும் உண்டு. அந்தக் காலத்திலேயே எதிர்ப்பு வந்தது. 1982-இல் இளம் நகைச்சுவைக் குழு ஒன்று, இருவரும் இரட்டை அர்த்தத்தை நம்பியே பிழைக்கிறார்கள் என்று பாட்டாகவே பாடிக் கேலி செய்தது. பார்க்கர் அதனால் மனம் புண்பட்டார். ஆனாலும், காலத்தைத் தாண்டி நிற்பவை எவை என்று பாருங்கள்: மெழுகுவத்திக் கடையும், சிறை அறையில் நடக்கும் பேச்சும். ஒருவரின் நிறத்தையோ குறையையோ வைத்து எழுந்த சிரிப்பு மங்கிவிட்டது. மொழியையும் மனித இயல்பையும் வைத்து எழுந்த சிரிப்பு மங்கவில்லை.

நிறுத்தத் தெரிந்தவர்

1987 இறுதியில், 58 வயதில் பார்க்கர் ஓய்வை அறிவித்தார். உடல்நலக் கவலை ஒரு காரணம். புதிய கருத்துகள் குறைகின்றன, தரம் இறங்குமுன் நிறுத்திவிட வேண்டும் என்பது மற்றொன்று. பீட்டர் ஹால் ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் வேடத்திற்கு அழைத்தும் போகவில்லை. மனைவி ஜாயுடன் சிப்பிங் நார்ட்டன் என்ற சிறுநகரில் பழம்பொருள் கடை நடத்தினார். மளிகைக் கடைக்கார ஆர்க்ரைட்டைப்போல் அவருக்கு வியாபாரம் கைகூடவில்லை. கடை நட்டத்தில்தான் ஓடியது.

2002-இல் 'தி கேதரிங் ஸ்டோர்ம்' படத்தில் சர்ச்சிலின் பணியாளராக ஒரு சிறு வேடத்தில் திரும்பி வந்தார். 2005-இல் இரண்டு ரோனிகளும் பழைய காட்சிகளை அறிமுகப்படுத்த மீண்டும் ஒன்றாக அமர்ந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் பார்க்கர் தமது 76-ஆம் வயதில் காலமானார். 2006 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. வழக்கமாக ஊர்வலத்தில் சிலுவையுடன் இரண்டு மெழுகுவத்திகள்தாம் வரும். அன்று நான்கு வந்தன. துயரத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். 2016-இல் கார்பெட் மறைந்தபோதும் நான்கு மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. பார்க்கர் நடிக்கத் தொடங்கிய எய்ல்ஸ்பரியில் 2010 முதல் அவருடைய வெண்கலச் சிலை அமர்ந்திருக்கிறது.

நமக்கு என்ன?

நான் நம் கழகத்தின் நாடகக் குழுவில் மூன்று ஆண்டுகள் இருந்தவன். கலை இரவுக்கு நாடகப் பிரதிகள் வரும்போது, முதல் பக்கத்தில் பெயர் இருக்கும். படிக்கத் தொடங்குமுன்னே கண் அந்தப் பெயரில் விழும். 'மூத்த மாணவர் எழுதியது, நன்றாகத்தான் இருக்கும்', 'முதலாம் ஆண்டா, அடுத்த வருடம் பார்க்கலாம்' என்ற பேச்சு எந்தக் குழுவிலும் எழக்கூடியதுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அந்தப் பேச்சில், படிக்கப்படாமலே ஒரு நல்ல நாடகம் போய்விடுகிறது. அதை எழுதிய தம்பியோ தங்கையோ மறு ஆண்டு எழுதுவதும் இல்லை. இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல, கழகத்திற்கும்தான்.

மற்றொன்று, நம் மேடை நகைச்சுவையில் பாதிக்கு மேல் திரைப்படங்களிலிருந்து கடன் வாங்கியது. கவுண்டமணியும் வடிவேலுவும் பேசியதை நாம் திரும்பப் பேசினால் அரங்கம் கைதட்டும், உண்மைதான். ஆனால், நம் விடுதியில், நம் பேருந்தில், நம் விரிவுரை அறையில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் சீனமும் ஒன்றையொன்று தடுக்கி விழும் காட்சிகள் நாள்தோறும் நடக்கின்றன. சாப்பாட்டுக் கடையில் நாம் கேட்டது ஒன்று, மேசைக்கு வந்தது ஒன்றாக இருந்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை? ஒரு மொழியை வைத்தே பார்க்கர் ஒரு கடையைக் கட்டினார். நான்கு மொழிகளை வைத்துக்கொண்டு நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

ஆகவே, இனி வரும் செயலவைக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கலை இரவுக்கு நாடகப் பிரதிகளைப் புனைபெயரில் மட்டும் பெறுங்கள். உண்மைப் பெயரைத் தனி உறையில் ஒட்டி வாங்கி வையுங்கள். தேர்வு முடிந்த பிறகு, எல்லாரையும் பக்கத்துக் கடைக்குச் சாப்பிட அழைத்து உறையைப் பிரியுங்கள். அங்கே எழுந்து நிற்பவர் மூத்தவராக இருக்கலாம். இதுவரை பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், அன்று அவருக்குக் கிடைக்கும் கைதட்டல் அவருடைய எழுத்துக்கே உரியதாக இருக்கும்.